பூப்பெய்துதல்: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

பூப்பெய்துதல் என்பது சிறுமியின் உடல் முதிர்ச்சி அடைந்து வருவதைக் காட்டும் இயற்கையான நிகழ்வாகும். அது நோயன்று, தீட்டும் அன்று. அன்றோடு அவளது சிறுமிப் பருவம் முடிந்துவிடுவதும் இல்லை. முதல் மாதவிடாய்க்குப் பின் அவளது உணவு, பள்ளி, விளையாட்டு ஆகியவற்றில் குடும்பத்தினர் செய்யும் மாற்றங்கள் அவளது உடல்நலத்தைப் பல ஆண்டுகளுக்குப் பாதிக்கக்கூடும். கோடம்பாக்கம், வடபழனி, தியாகராய நகர், மேற்கு மாம்பலம் பகுதிகளில் வசிக்கும் குடும்பங்களுக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

உடலில் நிகழும் மாற்றங்கள்

பெரும்பாலான சிறுமியருக்கு 8 முதல் 13 வயதிற்குள் மார்பக வளர்ச்சி தொடங்குகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 2 அல்லது 3 ஆண்டுகளில் முதல் மாதவிடாய் ஏற்படும். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே மணமற்ற வெண்ணிறக் கசிவு காணப்படலாம், இது இயல்பானது.

முதல் மாதவிடாய்க்குப் பின்னரும் உடல் வளர்கிறது. பொதுவாக மேலும் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை உயரம் கூடுகிறது. எலும்புகள் உறுதி பெறும் காலமும் இதுவே. ஆகவே, ‘பெரிய பெண் ஆகிவிட்டாள்’ என்று ஊர் சொன்னாலும், வளரும் குழந்தைக்குரிய உணவும் உறக்கமும் விளையாட்டும் அவளுக்குத் தேவை.

எது இயல்பானது?

- முதல் 2 ஆண்டுகளில் மாதவிடாய் ஒழுங்கற்று வரலாம். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை 21 முதல் 45 நாள்கள் இருக்கலாம்.
- இரத்தப்போக்கு 2 முதல் 7 நாள்கள் வரை நீடிக்கலாம்.
- முதல் இரண்டு நாள்களில் அடிவயிற்றிலும் இடுப்பிலும் மிதமான வலி இருக்கலாம். வெந்நீர் ஒத்தடமும் இலேசான நடையும் வலியைக் குறைக்கும்.

மாதவிடாய் தொடங்கும் நாளை நாள்காட்டியில் குறித்துவைக்கும்படி மகளிடம் சொல்லுங்கள். மருத்துவரை அணுகும்போது இக்குறிப்பு பெரிதும் உதவும்.

மாதவிடாய்க்காலச் சுகாதாரம்

நாப்கினை 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பயன்படுத்தியதைத் தாளில் சுற்றி, பிற குப்பைகளுடன் கலக்காமல் தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுங்கள், கழிவறையில் போடக்கூடாது.

துணி பயன்படுத்துவோர் அதைச் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும். நெருக்கமான குடியிருப்புகளில் பிறர் பார்வைக்கு அஞ்சி, ஈரத்துணியைப் பிற ஆடைகளுக்கு அடியில் மறைத்து உலர்த்துவதுண்டு. அவ்வாறு முழுமையாக உலராத துணியால் தொற்றும் அரிப்பும் ஏற்படலாம். மொட்டைமாடியிலோ வெயில் படும் சன்னலோரத்திலோ அதை உலர்த்துவதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதை வீட்டிலுள்ள ஆண்களும் உணர வேண்டும்.

உணவும் இரத்தசோகையும்

பூப்பெய்திய சிறுமிக்கு உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், முட்டை கொடுப்பது நம் வழக்கம். உளுந்தும் முட்டையும் நல்ல புரத உணவுகள், அவற்றைத் தொடரலாம். ஆனால் பச்சை முட்டை கிருமித்தொற்றை உண்டாக்கக்கூடும் என்பதால் வேகவைத்தே கொடுங்கள். நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கச் செய்வது தேவையற்றது.

சடங்கு நாள்களில் மட்டும் ஊட்டிவிட்டுப் பின்னர் மறந்துவிடுவதே பெரிய குறை. மாதந்தோறும் இரத்த இழப்பு இருப்பதால் சிறுமியின் இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. சோர்வு, மூச்சு வாங்குதல், பாடத்தில் கவனமின்மை, தலைசுற்றல் ஆகியன இதன் அறிகுறிகள். இவற்றைச் சோம்பல் என்றும் ‘வயதுக்கோளாறு’ என்றும் எண்ணிக் கடிந்துகொள்வதற்கு முன், இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 12 வயதிற்கு மேற்பட்ட பெண்களுக்கு ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகையாகும்.

- முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள், முட்டை, மீன் ஆகியவற்றை அன்றாட உணவில் சேருங்கள். உடன் எலுமிச்சை, நெல்லி, கொய்யா கொடுத்தால் உடல் இரும்புச்சத்தை நன்கு ஈர்க்கும்.
- உணவுடன் தேநீரோ காபியோ வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.
- அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் வாரம் ஒரு முறை அளிக்கப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. உணவுக்குப் பின் உட்கொண்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். மலம் கருமையாக வெளியேறுவது தீங்கற்றது.
- மகனுக்குப் பரிமாறும் அளவும் வகையும் மகளுக்கும் கிடைக்கட்டும். அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பழக்கம் அவளிடமிருந்து தொடங்க வேண்டாம்.

சடங்குகளும் கட்டுப்பாடுகளும்

மஞ்சள் நீராட்டு விழா நடத்துவதும் தாய்மாமன் சீர் செய்வதும் குடும்பத்தின் விருப்பம். ஆனால் விழாவுக்கு நாள் குறிப்பதற்கு முன் மகளின் விருப்பத்தைக் கேளுங்கள். தன் உடலில் நிகழ்ந்த மாற்றம் தெருமுனைப் பதாகையில் தன் படத்துடன் அறிவிக்கப்படுவதைப் பல சிறுமியர் விரும்புவதில்லை. அவள் வேண்டாம் என்றால், வீட்டளவில் எளிமையாகக் கொண்டாடலாம்.

பின்வருவனவற்றைத் தவிர்க்க வேண்டும்:

- 9, 11 அல்லது 16 நாள்கள் எனத் தனி இடத்தில் அமரவைத்துப் பள்ளியைத் தவிர்த்தல். மாதவிடாய் நாள்களில் பள்ளி செல்வதற்கு மருத்துவத் தடை ஏதுமில்லை.
- குளிப்பதையோ தலைமுடி அலசுவதையோ தடுத்தல். தினமும் குளிப்பது அவசியம்.
- ஓட்டம், கபடி, மிதிவண்டி, நடனம் போன்றவற்றை நிறுத்துதல். இப்பருவத்தில் உடற்பயிற்சி எலும்பை வலுப்படுத்துகிறது.
- ‘சத்தமாகச் சிரிக்காதே’, ‘வாசலில் நிற்காதே’ என்று ஓயாமல் கண்டித்தல். தன் உடலைப் பற்றிய அச்சத்தையும் வெட்கத்தையும் இது வளர்க்கும். அவ்வாறு வளரும் பெண், தீண்டல் போன்ற கொடுமைக்கு உள்ளானாலும் வாய் திறக்கத் தயங்குவாள்.
- திருமணப் பேச்சைத் தொடங்குதல். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது குற்றம். முழு வளர்ச்சி பெறாத உடலில் ஏற்படும் கருத்தரிப்பு, தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது.

படிப்பு தடைப்படக் கூடாது

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பூப்பெய்திய பின் அக்கால வழக்கப்படி பள்ளிக்குச் செல்ல இயலாமல், வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆதரவற்ற பெண்களுக்கு ஔவை இல்லத்தையும், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கினார். வீட்டில் கற்பிக்கத் தந்தை இருந்ததாலேயே அவரது படிப்பு தொடர்ந்தது. அவ்வாய்ப்பு இல்லாத எண்ணற்ற சிறுமியரின் படிப்பு அன்றே நின்றது.

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. உங்கள் மகளுக்கும் இவ்வழி திறந்தே உள்ளது.

தந்தையர் கவனத்திற்கு

தாய் இல்லாத வீட்டிலும், தாய் வேலைக்குச் செல்லும் வீட்டிலும் முதல் மாதவிடாயைத் தந்தையே எதிர்கொள்ள நேரலாம். ‘பயப்பட ஒன்றுமில்லை, உடல் சரியாக வளர்கிறது’ என்று சொல்லி, நாப்கின் வாங்கிக் கொடுங்கள். மகள் 9 வயதை எட்டும்போதே இதைப் பற்றிப் பேசிவைப்பது நல்லது. அறியாமல் எதிர்கொள்ளும் சிறுமி, தனக்குப் பெருநோய் வந்துவிட்டதென அஞ்சக்கூடும்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

- 8 வயதிற்கு முன் மார்பக வளர்ச்சி தொடங்கினால்
- 13 வயதாகியும் மார்பக வளர்ச்சி இல்லையெனில், அல்லது 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லையெனில்
- 7 நாள்களுக்கு மேல் இரத்தப்போக்கு நீடித்தால்
- ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்குள் ஒரு நாப்கின் முழுதும் நனைந்தால்; உடன் மயக்கமும் இருந்தால் உடனடியாக அழைத்துச் செல்லுங்கள்
- வந்துகொண்டிருந்த மாதவிடாய் 3 மாதங்கள் வராமலிருந்தால்
- பள்ளி செல்ல இயலாத அளவு வலி இருந்தால்
- கசிவில் துர்நாற்றம், அரிப்பு, நிறமாற்றம் இருந்தால்
- தொடர்ந்து அழுகை, உறக்கமின்மை, உணவை வெறுத்தல் காணப்பட்டால்

உதவி எங்கே கிடைக்கும்?

கோடம்பாக்கம், பெருநகர சென்னை மாநகராட்சியின் 10ஆவது மண்டலமாகும். அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தை முதலில் அணுகுங்கள். 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு விலையில்லா நாப்கின் வழங்கும் மாதவிடாய்ச் சுகாதாரத் திட்டம் குறித்தும் அங்கே கேட்டறியலாம். மேல்சிகிச்சைக்கு எழும்பூரில் உள்ள அரசு தாய்சேய் நல மருத்துவமனைக்கும் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் செல்லலாம். கோடம்பாக்கத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் எழும்பூர் மூன்றாவது நிலையம்.

- மருத்துவ ஆலோசனை: 104
- குழந்தைகள் உதவி: 1098
- பெண்கள் உதவி: 181
- மனநல ஆலோசனை: 14416

இதைப் படிக்கும் சிறுமி நீங்களாக இருந்தால், இவ்வெண்களை நீங்களே அழைக்கலாம். உங்கள் உடலைப் பற்றிக் கேட்கும் எந்தக் கேள்வியும் தவறானதன்று.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.