வாஸ்கவின் கூச்சம்

ரஷ்ய இலக்கியம் என்றால் டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ் என்று கடகடவெனச் சொல்லிவிடுவோம். பரீஸ் வஸீலியெவ் பேர் அந்த வரிசையில் வராது. ஆனால் அவர் கதையை நம்மில் பலர் தியேட்டரில் பார்த்திருக்கிறோம். எஸ்.பி. ஜனநாதனின் ‘பேராண்மை’ (2009) அதிலிருந்து வந்ததுதான்.

மூலக்கதை 1969-ல் வெளிவந்தது. தமிழில் பூ. சோமசுந்தரம் ‘அதிகாலையின் அமைதியில்’ என்று மொழிபெயர்த்தார். சோவியத் பதிப்பகங்கள் மாஸ்கோவிலேயே தமிழ்ப் புத்தகம் அச்சடித்து, இங்கே நியூ செஞ்சுரி வழியாக மலிவு விலைக்குக் கொடுத்த காலம் அது. 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது, அந்த வரத்தும் நின்றுபோனது.

வஸீலியெவ் (1924–2013) பதினேழு வயதில் போர்முனைக்குப் போனவர். பின்னாளில் ராணுவ இஞ்சினியர். கதை 1942-ல், கரேலியக் காட்டில் நடக்கிறது. காட்டுக்குள் இரண்டு ஜெர்மானியர் என்று நம்பி, வாஸ்கவ் என்ற சார்ஜென்ட் மேஜர் ஐந்து பெண் வீரர்களோடு கிளம்புகிறான். போய்ப் பார்த்தால் பதினாறு பேர். ஐந்து பெண்களும் சாகிறார்கள்.

சண்டையை விட என்னைப் பிடித்தது வாஸ்கவின் கூச்சம். அவன் படிப்பு பாதியில் நின்றுபோனது. அந்தப் பெண்களில் சிலர் அவனைவிட நிறையப் படித்தவர்கள். உத்தரவு போடுகிறவன் அவன், ஆனால் அவர்கள் முன் வாய் திறக்கவே தயங்குகிறான். காட்டையும் சதுப்பையும் படித்தவன் அவன்தான் என்பது அவனுக்கே தெரிவதில்லை. ஜனநாதன் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார். ரஷ்யாவில் படிப்பாக இருந்த ஏற்றத்தாழ்வு, இங்கே சாதியாக மாறியது. வாஸ்கவ், பழங்குடி வன அதிகாரி துருவன் ஆனான்.

எங்க அப்பா ஜேடர்பாளையத்தில் கொடிக்கால் வேலை பார்த்தவர். அஞ்சாவதோடு சரி. நான் பி.இ. முடித்தபின் என் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால், டீயை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். “அவங்க பேசறது நமக்கு எங்கீங்க புரியுது” என்பார். என்னைக்கூட அன்றைக்கு மட்டும் ‘ங்க’ போட்டுப் பேசுவார். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டேன்.

வாஸ்கவைப் படித்தபோதுதான் அது என்னவென்று புரிந்தது. வெற்றிலைக் கொடியின் நோயை இலையைத் தடவியே சொன்ன மனுஷன். உள்ளே வந்து உட்காருங்க என்று ஒருநாள்கூட நான் கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட அவர் இல்லை.