கைநாட்டும் கரும்புத் தோட்டமும்

மனிதனை மனிதன் விலைகூறி விற்பது பெரும் பாவம் என்பதை மறுத்துரைப்பார் இன்று எந்நாட்டிலும் இலர். ஆயினும் அந்த வாணிகம் நின்றபாடில்லை; பெயர் மட்டுமே காலத்துக்குக் காலம் மாறி வருகின்றது. சந்தையில் நிறுத்தி ஏலங்கூறிய காலம் போய், தாளிலே கைநாட்டு வாங்கிக் கப்பலேற்றும் காலம் வந்தது. அதுவும் போய், கணினி வேலை என்று ஆசைகாட்டித் தாய்லாந்து வழியாக மியன்மார் எல்லைக்குக் கொண்டுபோய் அடைத்துவைக்கும் காலத்தையும் நாம் கண்டுவிட்டோம். 2022-ஆம் ஆண்டு தொட்டு எமது நாட்டு இளைஞர் பலர் அவ்வாறு அகப்பட்டு, பின்னர் பெருமுயற்சியால் மீட்கப்பட்டனர். அவர்களைப் பற்றிப் பேச்செழும்போது, "விரும்பித்தானே போனார்கள்?" என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வோர் எம்மிடையே உளர். இக்கேள்வி புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்னர் ஆட்சிமன்றங்களிலே கற்றறிந்தோர் வாயிலிருந்து இதே கேள்வி எழுந்தது. அதற்கு விடை கூறிய சிலரை இம்மலரிலே நினைவுகூர விழைகின்றேன்.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, 1834-ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. இழப்பீடாக இரண்டு கோடி பவுண் ஒதுக்கப்பட்டது. யாருக்கு? அடிமைகளாயிருந்து உழைத்தவர்க்கன்று, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்க்கு! பணம் கிடைத்தது; ஆனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. அதே 1834-ஆம் ஆண்டிலேயே இந்தியக் கூலியாட்கள் மொறீசியசுத் தீவுக்கு ஏற்றப்படலாயினர். இது புதியதோர் அடிமை முறையாய் முடியும் என்ற அச்சத்தை 1840-இலேயே குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோன் இரசல் பிரபு தெரிவித்தார். இடையிலே சில ஆண்டுகள் தடையும் இருந்தது. எனினும் சீனிக்கு இருந்த செல்வாக்கு அச்சத்தினும் பெரிதாயிருந்தது. 1842-இல் வாயில் மீண்டும் திறந்தது. அதன்பின் முக்கால் நூற்றாண்டுக் காலம் மொறீசியசு, கயானா, திரினிடாட், நேற்றால், பீஜி முதலிய இடங்களுக்குப் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாய்க் கடல் கடந்தனர்.

பீஜித் தீவின் கதையையே இங்கு விரித்துரைப்பேன். இம்முறையின் வேரை அறுத்த போராட்டம் அத்தீவின் துயரத்திலிருந்தே வலிமை பெற்றது. 1879-ஆம் ஆண்டு மே மாதத்தில் "லியோனிடாஸ்" என்னும் கப்பல், கொலராவும் அம்மை நோயும் கண்ட நிலையில், முதற் கூலிகளை அங்கு கொண்டு சேர்த்தது. 1916-இல் வந்த இறுதிக் கப்பல் வரை 87 பயணங்களில் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் சென்றனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். அவ்வாறு போன தமிழரும் தெலுங்கரும் பிறருமாகிய தென்னாட்டார் ஏறக்குறையப் பதினையாயிரவர். வடநாட்டாராவது தம்முள் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல் பெறலாம். தென்னாட்டாருக்கோ மேற்பார்வையாளன் பேசிய அரைகுறை இந்துஸ்தானியும் விளங்காது.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. வாரத்தில் ஐந்து நாளும் ஒன்பது மணி நேர வேலை, சனிக்கிழமை ஐந்து மணி. ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு சிலிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். பத்தாண்டு முடிந்தால் ஊர் திரும்ப இலவசப் பயணம். தாளிலே பார்த்தால் குற்றஞ் சொல்வதற்கு அதிகமில்லை. தாளில் இல்லாதனவே கொடியன. குறித்த அளவு வேலையை முடிக்காவிட்டால் கூலி குறையும். வேலைக்கு வராவிட்டால் அது குற்றம், நீதிமன்றம் ஏறித் தண்டமும் சிறையும் பெறவேண்டும். வேலையாள் வேலைக்கு வராமை எசமானுக்கு நட்டம் எனலாம். அது எங்ஙனம் சிறைக்குரிய குற்றமாகும்? இந்தத் தண்டனை விதிகளை ஆளுக்கு வாசித்துக் காட்டிய ஒப்பந்தத்திலே தேடினாலும் காணமுடியாது. குடியிருக்கக் கிடைத்தது பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள அறை. தனித்த ஆண்கள் மூவர்க்கு ஓர் அறை. அன்றேல் கணவன், மனைவி, இரு குழந்தைகளுக்கு ஓர் அறை. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால் விளைந்த கேடுகளை விரித்தெழுத என் பேனா கூசுகின்றது. தற்கொலைகள் மலிந்தன என்று மட்டும் கூறி அமைகின்றேன்.

இனி, அந்தக் கைநாட்டு எவ்வாறு பெறப்பட்டது என்பதைப் பார்ப்போம். ஆள்பிடிக்கும் தரகனை வடநாட்டார் "அர்க்காத்தி" என்று அழைத்தனர். கோயில், சந்தை, புகையிரத நிலையம் என்று வழிதெரியாதார் நிற்கும் இடமெல்லாம் அவன் இருப்பான். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குப் பணம். 1893-இல் தோத்தாராம் சனாத்தியர் என்னும் ஏழைப் பிராமண இளைஞர் ஒருவர் வேலை தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டு அலகபாத்திலே அத்தகைய ஒருவன் கையில் அகப்பட்டார். ஒரு வீட்டிலே நூற்றுக்கு மேற்பட்ட ஆண் பெண்களுடன் அடைபட்டார். நீதவான் கேட்கும் எந்தக் கேள்விக்கும் "ஆம்" என்றே கூறவேண்டும், மறுத்தால் வழக்கு வரும் என்று அவர்களுக்குப் பாடம் சொல்லப்பட்டது. நீதவான் முன் நிறுத்தினார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி, ஒரு "ஆம்". அரைமணி நேரத்துக்குள் அத்தனை பேரும் "மனமொப்பிய" கூலிகளாகிவிட்டனர்! பின்னர் கல்கத்தா, கப்பல், பீஜி. ஐந்தாண்டு ஒப்பந்தத்தை முடித்தபின் சனாத்தியர் அங்கேயே தங்கிப் புரோகிதராயிருந்து, கூலிகளின் முறைப்பாடுகளை எழுதியும் வழக்குகளுக்கு வழிகாட்டியும் உதவினார். ஒரு வழக்கறிஞரையாவது அனுப்புமாறு தென்னாபிரிக்காவில் இருந்த காந்தியடிகளுக்கு விண்ணப்பித்தோருள் அவரும் ஒருவர். அதன் பயனாக 1912-இல் மணிலால் டாக்டர் என்னும் வழக்கறிஞர் பீஜி வந்து சேர்ந்தார்.

அதே 1912-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆந் திகதி கோபாலகிருஷ்ண கோகலே இந்தியச் சட்டசபையிலே ஒப்பந்த முறையை முற்றாக ஒழிக்கவேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்தார். தெரியாத நாட்டுக்கு, தெரியாத எசமானிடம், விளங்காத விதிகளுக்குக் கட்டுப்பட்டு அனுப்பப்படும் எளிய மக்களின் ஒப்பம் எத்தகைய ஒப்பம் என்பதே அவர் வாதத்தின் சாரம். அரசாங்கத் தரப்பார், கூலிகளுக்கு இதனால் நன்மையே உண்டு, சட்டப் பாதுகாப்பும் உண்டு என்றனர். வாக்கெடுத்தபோது சார்பாக 22, எதிராக 33. சார்பாக நின்ற இருபத்திருவரும் இந்தியர். கோகலே தோற்றார் என்றே அன்று பதிவாயிற்று. 1915-இல் அவர் மறைந்தபோதும் கப்பல்கள் ஓடிக்கொண்டேயிருந்தன.

சபையில் வாதத்தால் முடியாததை ஏழைப் பெண் ஒருத்தியின் சொல் செய்தது. கோரக்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். தாழ்த்தப்பட்டதாகக் கருதப்பட்ட குலத்தவள். பாண்டவர் தாயின் பெயரே அவளுக்கும் பெயர். 1913-ஆம் ஆண்டு ஏப்பிரிலிலே மேற்பார்வையாளன் குந்தியை மற்றப் பெண்களிடமிருந்து பிரித்து, ஒதுக்குப்புறமான வாழைத்தோட்டத்திலே தனித்து வேலைசெய்யுமாறு அனுப்பினான். பின்னர் அவளிடம் அடாத எண்ணத்தோடு வந்தான். அவன் பிடியினின்று விடுவித்துக்கொண்டு ஓடி ஆற்றிலே குதித்தாள் குந்தி. அருகே சிறு தோணியிலிருந்த ஒரு சிறுவன் அவளைக் காப்பாற்றினான். அவள் வாக்குமூலம் கல்கத்தாவின் "பாரத மித்திரன்" பத்திரிகையில் வெளிவந்தது. பீஜி அரசாங்கம் அதனை மறுத்தது. இந்திய மக்களோ குந்தியையே நம்பினர். ஊரிலே தம் கிணற்றில் அவளை நீர் அள்ள விட்டிரார் என்று எண்ணத்தக்க குடும்பங்களிலும் அவள் பொருட்டுக் கண்ணீர் சிந்தினார்கள் என்பது நெஞ்சை உறுத்தும் ஒரு செய்தி.

1914-இல் சனாத்தியர் இருபத்தொரு ஆண்டுகளின் பின் தாயகம் மீண்டார். பனாரசிதாஸ் சதுர்வேதியின் துணையோடு தம் பீஜி வாழ்வை இந்தியிலே நூலாக்கி வெளியிட்டார். நம் மொழியிலே இக்குறை நேராதபடி சுப்பிரமணிய பாரதியார் பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைந்து பாடிவைத்திருக்கின்றார். அப்பாடலை அறியாத தமிழ் மாணவர் இலர்.

அடுத்து வருபவர் ஆங்கிலப் பாதிரியார் சி. எஃப். அண்ட்ரூஸ். நேற்றாலிலே முதுகெல்லாம் அடித்தழும்போடு தம்முன் குறுகிக் கிடந்த கூலி ஒருவனைக் கண்டது முதல் அம்முகம் அவரை விட்டு அகலவில்லை. சமயத்தால் அவர் கிறித்தவர். எனினும் ஓர் இந்து மலரிலே அவருக்கு உரிய இடத்தைக் கொடாதுவிட்டால் குறை எம்முடையதேயாகும். 1915-இல் நோயிலிருந்து எழுந்த கையோடு, நண்பர் பியர்சனுடன் பீஜி சென்று, கூலி லயங்களிலே புகுந்து பார்த்து, அடுத்த ஆண்டிலே அறிக்கை வெளியிட்டார். ஊகமும் உருக்கமும் அல்ல, கண்டதும் கேட்டதும் கணக்கிட்டதும் அவ்வறிக்கையில் இருந்தன. அதனைப் புறந்தள்ள எவராலும் முடியவில்லை.

1916 மார்ச்சு 20-இல் மதன்மோகன மாளவியர் மறுபடியும் தீர்மானத்தைக் கொணர்ந்தபோது இராசப்பிரதிநிதி ஹார்டிஞ்ச் பிரபு அதனை ஏற்றார். ஆனால் மாற்று ஏற்பாடு ஆகும்வரை பொறுக்கவேண்டுமாம்! எத்தனை ஆண்டு பொறுப்பது? 1917 மே 31-க்குள் முடிவு வேண்டும் என்று காந்தியடிகள் நாடெங்கும் முழங்கினார். சரோஜினி அம்மையார் அலகபாத்திலே பேசினார். பம்பாயில் ஜெய்ஜி பெற்றிட் அம்மையார் பெண்களின் தூதுக்குழுவொன்றைத் திரட்டி இராசப்பிரதிநிதியிடம் அனுப்பினார். இந்தியப் பெண்கள் வெளிப்படையாக அரசியலில் இறங்கிய முதற் பெரு நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. அதற்குக் காரணமானவள் எழுத்தறியாத குந்தி. 1917 மார்ச்சில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே சென்று கட்டுண்டு கிடந்தோரின் ஒப்பந்தங்கள் 1920-ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி பீஜியிலே அறுக்கப்பட்டன. மணிலால் டாக்டர் அதே ஆண்டில், வேலைநிறுத்தமொன்றையடுத்து, அத்தீவை விட்டு வெளியேற்றப்பட்டார் என்பதையும் கூறவேண்டும்.

ஏமாற்றியோ அச்சுறுத்தியோ பெற்ற சம்மதம் சம்மதமன்று என்பதை ஐக்கிய நாடுகள் சபை 2000-ஆம் ஆண்டிலேதான் ஆட்கடத்தல் பற்றிய உடன்படிக்கையில் எழுதிவைத்தது. இலங்கை 2006-இல் தண்டனைச் சட்டக் கோவையிலே ஆட்கடத்தலைத் தனிக் குற்றமாக்கி, 2015-இல் அவ்வுடன்படிக்கையை உறுதிப்படுத்தியது. கோகலே கேட்ட கேள்விக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு.

பீஜியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு எமது மலைநாட்டை மறந்தால் நேர்மையாகாது. இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தோர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வரவில்லை; கங்காணியின் கடனில் வந்தார்கள். அந்தக் கடனைக் கட்டினால் இன்ன கூட்டத்தை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். துண்டு கைமாறும்போது அதில் எழுதப்பட்ட கடனோடு மனிதரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினர். 1919-இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவிய சேர். பொன்னம்பலம் அருணாசலம் முதலியோர் இம்முறைக்கு எதிராக இடைவிடாது குரலெழுப்பினர். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. யாழ்ப்பாணத்துப் பிரபு வீடுகளிலும் அடிமைகள் இருந்தனர் என்பதும், 1844-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது என்பதும் எம்மில் பலர் பேச விரும்பாத வரலாறு.

சனாத்தியர் தம் பிற்காலத்தைக் காந்தியடிகளின் சபர்மதி ஆச்சிரமத்திலே கழித்தார். பீஜியில் எஞ்சிய தென்னாட்டார் 1926-இல் நாந்தி நகரிலே சாது குப்புசாமி என்னும் அடியாரின் தலைமையிலே தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கிப் பள்ளிக்கூடங்களை நிறுவினர். நாந்தியிலே சிவசுப்பிரமணியப் பெருமானுக்குத் திராவிட முறைப்படி கோபுரத்தோடு எழுந்த கோயிலுக்கு 1994-இல் குடமுழுக்கு நடந்தது. அத்தீவின் ஆவணக் காப்பகத்திலே அன்றைய கூலிச் சீட்டுக்கள் இன்றும் உள. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம், இவற்றின் கீழே அதிகாரிகளின் ஒப்பம். பேரப்பிள்ளைகள் அங்கு சென்று, பாட்டனாரின் ஊர்ப்பெயரைத் தாளில் எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு திரும்புகின்றனர்.