நெட்பேக்கப் ஐடி அனலிட்டிக்ஸ்

பெரிய நிறுவனங்களின் பேக்கப் பணிகளையும் சேமிப்பகப் பயன்பாட்டையும் ஒரே இடத்தில் கண்காணித்து அறிக்கை தரும் மென்பொருள். ஆப்டேர் என்ற நிறுவனம் உருவாக்கியது. 2019இல் ஆப்டேரை வெரிட்டாஸ் நிறுவனம் வாங்கியது. வெரிட்டாஸின் தரவுப் பாதுகாப்புப் பிரிவு 2024 டிசம்பரில் கோஹெசிட்டி நிறுவனத்துடன் இணைந்தது.

இது எதையும் நகலெடுப்பதில்லை. தரவு சேகரிப்பான் எனப்படும் நிரல் பேக்கப் சர்வர்களிலும் சேமிப்பகக் கருவிகளிலும் இருந்து விவரங்களைத் திரட்டி மென்பொருளின் போர்ட்டலுக்கு அனுப்ப, அவை ஆரக்கிள் தரவுத்தளத்தில் சேர்கின்றன. நிர்வாகியின் கவலை பெரும்பாலும் சேகரிப்பான்களைப் பற்றியதே. சேகரிப்பான் பயன்படுத்தும் கணக்கின் கடவுச்சொல் மாறினாலோ ஃபயர்வால் மறித்தாலோ சேகரிப்பு நின்றுவிடும். அறிக்கையோ பழைய எண்களுடன் ஒழுங்காகவே தெரியும். தோல்வியைவிட மோசமானது இந்த மௌனம்.

இத்தகைய கண்காணிப்பு ஏன் தேவை என்பதற்கு, இம்மென்பொருளோடு தொடர்பில்லாத கிட்லேப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் நடந்த நிகழ்வு நல்ல சான்று. 2017 ஜனவரி 31 அன்று பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புறையை அழித்தார். பேக்கப்பைத் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது: போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தை 9.2 பதிப்பின் கருவியால் நகலெடுக்க முயன்று, பணி தொடர்ந்து தோற்றிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் டிமார்க் எனும் அனுப்புநர் சரிபார்ப்பில் நிராகரிக்கப்பட்டு யாரையும் எட்டவில்லை. வேறு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் கைகொடுத்தது.

சேமிப்பகக் கொள்ளளவு முன்கணிப்பு, துறைவாரியான செலவுக் கணக்கு ஆகிய வசதிகளும் நெட்பேக்கப் ஐடி அனலிட்டிக்ஸில் உண்டு.