பாம்பு நஞ்சைப் பகுத்த வரலாறும் ஊவாத் தோட்டங்களும்

பசறை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளிற் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களைக் காண்போர் அவற்றின் பசுமையையே பெரிதும் வியப்பர். அப்பசுமையின் அடியிற் சருகு மண்டிக் கிடக்கும். கொழுந்து கொய்வோரும் கவ்வாத்து வெட்டுவோரும் நாள்தோறும் அச்சருகின்மீதே நடக்கின்றனர். அங்கே, மூக்கு நுனி மேல்நோக்கி வளைந்த சிறு விரியனொன்று பதுங்கிக் கிடப்பதுண்டு. சிங்களத்தில் அதனைக் குணகட்டுவா என்பர். நம் நாட்டு மருத்துவமனைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் நஞ்சு முறிமருந்து இப்பாம்பின் கடிக்கு உதவுவதில்லை. இதற்குக் காரணம் யாது? நஞ்சைப் பகுத்தாராய்ந்த வரலாற்றை நோக்கின் விடை புலப்படும்.

பாம்பின் நஞ்சைப் பரிசோதனைகளால் ஆராய்ந்த முன்னோடிகளுள் இத்தாலியரான பெலிக்ஸ் பொன்தானா ஒருவர். விரியனின் நஞ்சைப்பற்றிய அவரது பெருநூல் 1781 இல் வெளிவந்தது. 1843 இல் லூயி லூசியன் பொனபார்ட் என்பார் நஞ்சுடன் மதுசாரத்தைச் சேர்த்து, புரதத்தன்மையுடைய பொருளொன்றைப் படியச் செய்தார். அமெரிக்க அறிஞரான வெயர் மிச்சல், றைக்கேர்ட் ஆகிய இருவரும் 1886 இல், நஞ்சு தனியொரு பொருளன்று, பல புரதங்களின் கலவையே என விளக்கினர்.

இக்கலவையியல்பின் விளைவை மருத்துவ உலகம் விரைவில் உணரலாயிற்று. சைகோனில் நாகக்கடியின் கொடுமையைக் கண்ட அல்பேர்ட் கல்மெற், 1890களின் நடுப்பகுதியிற் குருதிப்பாயத்தால் முறிமருந்து ஆக்கினார். அஃது எல்லாப் பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் என அவர் நம்பினார். ஆயின் அவுஸ்திரேலியாவில் ஆராய்ந்த மார்ட்டினும் பம்பாயில் ஆராய்ந்த ஜோர்ஜ் லாமும் அந்நம்பிக்கை பொருந்தாதெனக் காட்டினர். ஒரு பாம்பின் நஞ்சுக்கென ஆக்கிய மருந்து மற்றொன்றின் நஞ்சை முறிக்கும் என்பதற்கு உறுதியில்லை.

அதன்பின் கூறுகளைத் தனித்தனியே பிரிக்கும் முயற்சி வளர்ந்தது. 1930களிலும் 1940களிலும் கல்கத்தாவிற் கோஷும் அவர்தம் துணைவரும் நாகநஞ்சிலிருந்து நரம்பைத் தாக்கும் கூற்றினையும் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் கூற்றினையும் வேறாக்க முயன்றனர். 1938 இற் பிரேசிலில் சுலொட்டா, பிரெங்கல் கொன்றாட் ஆகியோர் அந்நாட்டுக் கிலுகிலுப்பைப் பாம்பின் நஞ்சுப் புரதமொன்றைப் பளிங்குருவிற் பெற்றனர். 1959 இன் பின் நுண்டுளை மணிகள் நிரப்பிய குழாய்கள் ஆய்வுகூடங்களிற் பயன்படலாயின. நஞ்சுக் கரைசலை அதன் வழியே செலுத்தினால், சிறு மூலக்கூறுகள் துளைகளினுட் புகுந்து தாமதிக்கும். பெரியவை முன்னே வெளிவரும்.

இவ்வாறு பிரித்தெடுத்தவற்றுட் பல நொதியங்களாகும். பொஸ்போலிப்பேஸ் என்னும் நொதியம் கலங்களின் மென்சவ்விலுள்ள கொழுப்புப் பொருளைச் சிதைக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சிலுள்ள மற்றொரு நொதியம் குருதியை உறையத் தூண்டும். கடியுண்டவரின் உடலில் அதனால் உறைபொருள்கள் யாவும் செலவாகிவிட, பின்னர்க் குருதி உறையும் ஆற்றலையே இழக்கும்.

இனி, நம் தீவின் நிலையை நோக்குவாம். இந்தியாவிலிருந்து வரும் முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சினைக்கொண்டே ஆக்கப்படுவது. அதற்கு வேண்டும் நஞ்சிற் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு வடநெம்மேலியில் 1978 இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கம் அளித்துவந்தது. குணகட்டுவா அப்பட்டியலில் இல்லை. அதன் கடியால் வீக்கமும், சிலரிடத்துக் குருதி உறையாமையும் சிறுநீரகச் செயலிழப்பும் நேர்கின்றன. அரிதாக மரணமும் உண்டு. பயன் தராத மருந்தை ஏற்றினாலோ கடும் ஒவ்வாமை நேரலாம். ஆதலிற் கடித்த பாம்பைச் சரியாக அறிவது உயிர்காக்கும் செயலாகும்.

இலங்கையில் ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் எனவும் அவர்களுள் 464 பேர் இறக்கின்றனர் எனவும் 2016 இல் வெளியான தேசிய அளவீடு மதிப்பிட்டது. அவ்வாண்டிலேயே கொஸ்தாரிக்கா ஆய்வாளரின் துணையுடன், குணகட்டுவாவின் நஞ்சையும் சேர்த்து ஆக்கிய புதிய முறிமருந்தின் ஆய்வுகூட முடிவுகளும் வெளியாயின. நம் பாம்பின் நஞ்சை நாமே பகுத்தறிய வேண்டும் என்பதற்கு இது சான்று.

கோப்பிச் செடியின் இலைநோயை ஆராய 1880 இல் மார்ஷல் வார்ட் இத்தீவுக்கு வந்தார். தேயிலைக்கென 1925 இல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இலைக்கு வந்த நோயை ஆராய நாடு காலந் தாழ்த்தவில்லை. அவ்விலையைக் கொய்யும் கையைத் தீண்டிய நஞ்சோ நெடுங்காலம் ஆராய்வாரற்றுக் கிடந்தது. பதுளையில் ஊவா வெல்லசப் பல்கலைக்கழகம் 2005 இல் அமைந்துள்ளது. தோட்டத்து லயங்களிற் பிறந்த மாணவர் இன்று விஞ்ஞானம் பயில்கின்றனர். தம் அன்னையர் நடக்கும் சருகின் அடியிற் கிடப்பதை அவர்கள் ஆய்வுமேசைக்குக் கொணர்வாராயின், அக்கல்வி பயனுடைய கல்வியாகும்.