ஏட்டுச் சுவடி முதல் வாசிப்பு இயக்கம் வரை: 3, 4, 5 வகுப்புகளில் தமிழ்ச் சொல், எழுத்து, வாசிப்பு

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அடுத்து வரும் மூன்று ஆண்டுகளைப் பற்றி நம் கல்வி வரலாறு அதிகம் பேசுவதில்லை. அரிச்சுவடியைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளித் தமிழ்ப் பாடத்தைப் பற்றியும் பேச ஆள் இருக்கிறது. நடுவில் கிடக்கும் 3, 4, 5 வகுப்புகள் யார் கண்ணிலும் படுவதில்லை. சொல்வளம் பெருகுவதும், பிழையின்றி எழுதப் பழகுவதும், பொருள் உணர்ந்து வாசிப்பதும் அங்கேதான் அமைகின்றன, அல்லது அமையாமல் போகின்றன. பழைய திண்ணைப் பள்ளியில் இம்மூன்றும் ஒரே பயிற்சியாக இருந்தன. அச்சும் தேர்வும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தன. அப்படிப் பிரித்தபோது முதலில் கைநழுவியது சொல். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

சுவடி கேட்ட விலை

ஓலைச் சுவடியை வாசிப்பது இன்று அச்சுப் புத்தகத்தை வாசிப்பது போன்ற வேலையல்ல. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டப்படாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. நிறுத்தக்குறி என்ற பேச்சே இல்லை. ஏட்டில் ‘பரடடு’ என்று கீறியிருந்தால் அது ‘பாட்டு’ என்று கண்டுகொள்ள, ‘பாட்டு’ என்ற சொல்லை முன்பே அறிந்திருக்க வேண்டும். ‘கெரடு’ என்றிருந்தால் அது ‘கொடு’வா, ‘கோடு’வா என்பதை முன்னும் பின்னும் உள்ள சொற்கள்தாம் தீர்க்கும். எழுத்தை அறிந்தால் சொல்லை அறியலாம் என்பது இன்றைய வகுப்பறையின் நம்பிக்கை. ஏட்டு வாசிப்பில் இது பெருமளவு தலைகீழ்: சொல் தெரிந்தவனுக்கே எழுத்து விளங்கும்.

திண்ணைப் பள்ளியின் பாட வரிசை இதற்கு ஏற்றாற்போல் அமைந்திருந்தது. பிள்ளை மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்ற பின் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை மனப்பாடம் செய்தான். எண்சுவடி கூடவே நடந்தது. அதற்கு மேலும் தங்கியவர்களுக்குச் சதகங்களும், சொற்களையும் பொருள்களையும் செய்யுளில் தொகுத்துத் தரும் நிகண்டும் காத்திருந்தன. இன்றைய 4, 5-ஆம் வகுப்பின் இடத்தில் வைத்துப் பார்க்கத்தக்க பாடநூல் நிகண்டுதான். அவற்றுள் பள்ளிகளில் மிகப் பரவலாகப் பயின்றது மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு. விருத்தப்பாவில் அமைந்ததால் வாயில் எளிதில் நின்றது.

அதன் பன்னிரண்டு தொகுதிகளில் முதல் பத்து, தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வகை பார்த்துப் பெயர்களை அடுக்குகின்றன. பதினோராம் தொகுதி வேறு மாதிரி. ஒரு சொல்லுக்கு உள்ள பல பொருள்களைச் சொல்லும் அத்தொகுதி, சொற்களை எதுகை பார்த்து, அதாவது இரண்டாம் எழுத்தின்படி, வரிசைப்படுத்துகிறது. பாட்டை நினைவில் நிறுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு இது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதன் பக்கவிளைவைக் கவனிக்க வேண்டும். இரண்டாம் எழுத்தில் ரகரம் வரும் சொற்கள் ஓரிடத்திலும் றகரம் வரும் சொற்கள் வேறிடத்திலும் தொகுக்கப்படுகின்றன. னகரமும் ணகரமும் அப்படியே. எந்தச் சொல்லில் எந்த எழுத்து என்பதைத் தனியாக ஒருவரும் கற்பிக்கவில்லை. சொல், பொருள், எழுத்து மூன்றும் ஒரே ஓசைக் கட்டில் பிள்ளையின் காதில் ஏறின. பேச்சில் ஒலிவேறுபாடு மங்கிவிட்ட எழுத்துகளுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்துப் பயிற்சி நம் கல்வி மரபில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உ. வே. சாமிநாதையர் தம் இளமைக்காலப் பள்ளிகளைப் பற்றி எழுதியவற்றில் இன்னொரு பழக்கம் வருகிறது. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் பிள்ளைகளுக்குப் பூ, பறவை, விலங்கு என ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார்; மறுநாள் காலையில் அதை மறக்காமல் வந்து ஒப்பிக்க வேண்டும். நினைவாற்றலுக்கான பயிற்சி அது. இரவு முழுதும் ஒரு சொல்லை மனத்தில் வைத்திருப்பது சொல்வளப் பயிற்சியாகவும் ஆயிற்று என்பதில் ஐயமில்லை.

இதையெல்லாம் பொற்காலமாக்கிப் பாடுவதற்கில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவு 1826-இல் வந்தது. 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள். படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் பெண்கள் வெறும் 4,540. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திண்ணையில் இடம் இல்லை. இடம் கிடைத்தவர்களிலும் பலர் கணக்கும் ஓலை எழுதுவதும் படிந்தவுடன் நின்றுவிட்டார்கள். நிகண்டு வரை போனவர்கள் சிலரே.

அதே கணக்கெடுப்புக்காகப் பெல்லாரி ஆட்சியர் ஏ. டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் எழுதிய அறிக்கை கூர்மையானது. மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் சிக்கன முறையை அவர் மெச்சினார். ஆனால் பிள்ளைகள் ஒப்பிக்கும் செய்யுள்கள் பேச்சுமொழியிலிருந்து விலகிய நடையில் இருப்பதால், பொருள் தெரியாமலே உருப்போடுகிறார்கள் என்றார். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய மாவட்டம்; எனினும் குறை தமிழுக்கும் பொருந்தும். எழுதும் மொழியும் பேசும் மொழியும் எட்டி நிற்பது பிள்ளையின் வாசிப்பை எப்படிப் பாதிக்கிறது என்ற கேள்வி இங்கே தெளிவாக எழுகிறது. பிற்காலத்துக் கல்வித் துறையோ சிக்கனத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கேள்வியை மறந்தது.

அச்சு வந்த பின்

திண்ணைப் பள்ளியின் முறையை வெளியாரும் கவனித்தார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த பாதிரியார் சீகன்பால்கு, உள்ளூர் உபாத்தியாயரையும் அவருடைய மாணவர்களையும் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், இதே மணல் எழுத்தையும், மூத்த பிள்ளைகள் இளையோருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அவ்விடுதிப் பிள்ளைகளுக்குப் பொருத்தி, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது உலகைச் சுற்றி வந்தது. பெல் எடுத்துக்கொண்டது வகுப்பை நடத்தும் உத்தி மட்டுமே. நிகண்டு அவருக்குத் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டு வகுப்பறைக்கு உண்மையான திருப்பம் அச்சிட்ட பாடநூலோடு வந்தது. அதில் முதலில் குறிப்பிட வேண்டியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றிய நாவலர், பாதிரிமார் முறையின் பலத்தை உள்ளிருந்து பார்த்தவர். 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அடுத்து அச்சுக்கூடம், அதிலிருந்து பாலபாட நூல்கள். சமய நோக்கம் வெளிப்படையானதுதான். இங்கு முக்கியம், அந்த நூல்கள் வாசகனை நடத்திய விதம். சந்தி பிரித்த சொற்கள், புள்ளியிட்ட மெய்கள், நிறுத்தக்குறிகள், செய்யுளுக்குப் பதில் உரைநடை. நான்காம் பாலபாடத்தை எட்டும் பிள்ளை கொலை, களவு, கள்ளுண்ணல் என்று நீளும் கட்டுரைகளைத் தானாகவே வாசிக்க வேண்டும். அவனுக்கு முன்னால் கிடப்பது முன்பே மனப்பாடமான பாட்டு அல்ல. அவன் கேட்டிராத வாக்கியம்.

இதன் விளைவு இருமுனையானது. முன்பின் அறியாத பகுதியையும் பிள்ளை வாய்விட்டுப் படிக்க முடிந்தது. ஓலைக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விடுதலை அது. மறுபுறம், பொருள் தெரியாத சொல்லையும் தடங்கலின்றி உச்சரித்துவிட முடிந்தது. புள்ளியும் இடைவெளியும் வாசிப்பை எளிதாக்கியபோது, சொல் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. ஆசிரியர் காதுக்கு வாசிப்பு சரியாகவே கேட்கும். உள்ளே ஒன்றும் இல்லாதது வெளியே தெரியாது.

சிவப்பு மையின் காலம்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ச்சிக்கேற்ப மானியம் தரும் முறை சென்னை மாகாணத்தில் வேரூன்றியது. 1862-இல் இங்கிலாந்து கொண்டுவந்த திருத்தப்பட்ட கல்வி விதியின் சாயல் அது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, சொல்வதெழுதுதல், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறியவர் தொகைக்கேற்பப் பணம். திண்ணைப் பள்ளிகள் பல இந்த மானியத்தை நம்பியே அரசின் வளையத்துக்குள் வந்தன. எதை எண்ண முடியுமோ அதற்கே மதிப்பு. எழுத்துப்பிழையை எண்ணலாம். ஒரு சொல்லைப் பிள்ளை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கிறான் என்பதை அரைநாள் சோதனையில் எண்ண முடியாது. வைஸ்ராய் கர்சன் காலத்து 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானம் இம்முறையைக் கண்டித்தது. முறை ஒழிந்தது, அது வளர்த்துவிட்ட வகுப்பறைப் பழக்கம் ஒழியவில்லை.

சொல்வதெழுதுதலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தமிழ் வாசிப்பதற்கு எளிய எழுத்துமுறை. எழுதுவதற்கு அவ்வளவு எளிதல்ல. எழுத்தைப் பார்த்தால் ஒலி ஏறத்தாழ நிச்சயம். ஒலியைக் கேட்டு எழுத்துக்குப் போகும் பாதையில்தான் சிக்கல். பெரும்பாலான வட்டாரப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. நகர, னகர வேறுபாடு காதுக்கு இல்லை. மதுரைப் பக்கம் ழகரம் ளகரமாகிறது. ‘அறம்’ என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளையின் காதில் விழுவது ‘அரம்’ ஆகவும் இருக்கலாம். எதை எழுதுவது என்று தீர்மானிக்க ஒரே வழி, ஆசிரியர் பேசுவது தருமத்தைப் பற்றியா, இரும்பைத் தேய்க்கும் கருவியைப் பற்றியா என்று அறிவதுதான். ‘மனம்’, ‘மணம்’ ஆகியவற்றுக்கும் இதே கதை.

வகுப்பறை வேறு வழி கண்டுபிடித்தது. ‘சின்ன ர’, ‘பெரிய ற’, ‘ரெண்டு சுழி ன’, ‘மூணு சுழி ண’ என்று வடிவத்துக்குப் பெயர் வைத்து, சொல்லும்போதே எழுத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். தப்பினால் சிவப்பு மையில் வட்டம். பத்துத் தரம் இம்போசிஷன். பத்தாவது தரம் எழுதும்போது கை மட்டும்தான் வேலை செய்கிறது என்பது எழுதிய எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில் ஜோசப் மேயர் ரைஸ் சுமார் 33,000 பிள்ளைகளைச் சோதித்து, எழுத்துக்கூட்டல் பயிற்சிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவதால் பிழை குறைவதில்லை என்று 1897-இலேயே எழுதினார். அந்தச் செய்தி இங்கே வந்து சேர்ந்த தடயம் எதையும் நம் வகுப்பறைகளில் காண முடியாது.

சொல்லுக்கு மிஞ்சியது பாடத்தின் அடியில் வரும் ‘அருஞ்சொற்பொருள்’. ஒரு சொல், ஒரு சமன்குறி, இன்னொரு சொல். நிகண்டின் பேரன் என்று அதை அழைக்கலாம். ஆனால் பேரனிடம் தாத்தாவின் ஓசையும் இல்லை, வகைப்பாடும் இல்லை.

பள்ளிக்கு வெளியே, பள்ளிக்கு உள்ளே

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த வயதுப் பிள்ளைகளின் சொல்வளத்தை வளர்த்தது பெரும்பாலும் பாடநூல் அல்ல என்பது என் கருத்து. 1947 ஜூலையில் வந்த அம்புலிமாமா, ‘கலைமகள்’ நிறுவனத்தின் ‘கண்ணன்’, அழ. வள்ளியப்பா நடத்திய ‘பூஞ்சோலை’, 1972-இல் தொடங்கிய ‘கோகுலம்’ ஆகியவை எழுத்துநடைத் தமிழை யாரும் மிரட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தன. ஒரே வகைச் சொல் இதழுக்கு இதழ் வெவ்வேறு கதையில் திரும்ப வரும். பொருளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரியசாமித் தூரன் பதிப்பித்த பத்துத் தொகுதிக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் (1968–1976), பிற நாடுகள் பொறாமைப்படத்தக்க முயற்சி. அதை வாங்கும் வசதி எத்தனை வீடுகளுக்கு இருந்தது என்பது வேறு விஷயம்.

1978-இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்றது. ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் தனி வடிவங்கள் மறைந்தன. தொடக்க வகுப்புக்கு நல்ல உதவி. மேல் வகுப்புச் சிக்கலை அது தொடவில்லை. அதற்கு அது பொறுப்பும் அல்ல.

ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்திலிருந்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், பிள்ளையைத் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறவிட்டது. அடிக்கும் கை தாழ்ந்தது. அதுவே பெரிய வரவு. ஆனால் பாடம் அமைந்த அட்டை சிறிது; அதில் நீண்ட உரைநடைக்கு இடமில்லை. கொரோனா இடைவெளிக்குப் பின் 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படுத்தியது. முதல் மூன்று வகுப்புகளுக்கென்று தொடங்கிய அது, அடுத்த கல்வியாண்டிலேயே 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் நீண்டது. கீழ் வகுப்பின் குறை மேல் வகுப்பிலும் தொடர்கிறது என்று அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளமாக அதைப் படிக்கலாம்.

அளவுகோல் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க 2005 முதல் நடக்கும் ஆசர் (ASER) ஆய்வின் வாசிப்புத் தாளில் எழுத்து, சொல், எளிய பத்தி, கதை என நான்கு படிகள். உச்சப் படியான கதை 2-ஆம் வகுப்புத் தரத்தது. 5-ஆம் வகுப்புப் பிள்ளை அதைத் தடையின்றி வாசித்தால் தேர்ச்சி. அப்பிள்ளைக்குத் தன் சமூக அறிவியல் பாடத்தில் வரும் ‘ஊராட்சி’யும் ‘வேளாண்மை’யும் விளங்குகின்றனவா என்று தாள் கேட்பதில்லை, கேட்க அமைக்கப்பட்டதும் அல்ல. ஆனால் செய்தித்தாள் தலைப்பிலிருந்து துறைக் கூட்டம் வரை விவாதம் அந்த ஒரு தாளிலேயே முடிந்துவிடுகிறது. கேம்பெல் 1823-இல் கண்ட குறையை அளக்கும் கருவி இன்னும் பரவலாக நம் கைக்கு வரவில்லை.

பள்ளிக் கல்வித் துறை அண்மையில் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் உள்ளன. பாடநூலுக்கு வெளியே, தேர்வு இல்லாமல், பிள்ளையே எடுத்து வாசிக்கும் புத்தகம் அரசுப் பள்ளிக்குள் வருவது பெரிய மாற்றம். இந்த நூல்களில் ஒரே சொல் எத்தனை நூல்களில், எத்தனை சூழல்களில் திரும்ப வருகிறது என்று யாராவது உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால், சூடாமணி நிகண்டுக்குப் பிறகு முதன்முறையாக இவ்வகுப்புகளின் சொல்வளத்தைத் திட்டமிட்டுப் பேச ஓர் ஆதாரம் கிடைக்கும்.