செட்டியார் தெருவின் வங்கித் தொழில்

கொழும்புப் புறக்கோட்டையைக் கடந்து கொட்டாஞ்சேனை நோக்கிச் செல்லும் ஒருவர், கொச்சிக்கடையை அடையுமுன் ஒரு நீண்ட தெருவின் வழியே நடக்க நேரிடும். ஆங்கிலேயர் அதனைக் கடலின் பெயரால் அழைத்தனர். தமிழருக்கு அது செட்டியார் தெரு. சிங்கள மக்களுக்கு ஹெட்டி வீதிய. இன்று அங்கே இருமருங்கிலும் நகைக் கடைகள் நிறைந்துள்ளன. தங்கம் வாங்க வருவோருள் பலர், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இலங்கையின் பணப்புழக்கம் இந்தத் தெருவில் தரையிற் பாய் விரித்து உட்கார்ந்திருந்தவர்களின் கையில் இருந்தது என்பதை அறியார்.

அவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்தவர்கள். இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் நன்று. கொழும்புச் செட்டிகள் என்று வழங்கப்படும் சமூகத்தார் வேறு. அவர்கள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்திலேயே இத்தீவில் வேரூன்றியவர்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். இலங்கையைப் பற்றிய அகராதி நூலொன்றை 1834ஆம் ஆண்டில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியை நகரத்தார் என எண்ணி மயங்குவோர் உளர். அது பிழை. நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயராட்சியின்போது பெருகி வந்தவர்கள். வந்தவர்கள் குடும்பத்தைச் செட்டிநாட்டிலேயே விட்டு வந்தனர். தொழில் இங்கே, வீடு அங்கே.

அவர்கள் முதலில் வட்டிக்கடை வைக்க வந்தவர்கள் அல்லர். அரிசியும் துணியும் கொண்டுவந்து விற்றவர்கள். கண்டிமலைச் சரிவுகளிற் கோப்பித் தோட்டங்கள் பரவியதும், தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் தொழிலாளர் வந்தனர். அவர்களுக்கு உணவு அரிசி. அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வரவேண்டும். அரிசி வந்த வழியே பணமும் வந்தது, போயிற்று. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் கொழும்பிற் செலுத்தினால், அவனுக்குரிய தொகையை மதராசிலோ காரைக்குடியிலோ பெற்றுக்கொள்ள ஓர் உண்டியற் சீட்டுப் போதுமானதாயிற்று. வாணிகத்தின் நிழலில் இவ்வாறே வங்கித் தொழில் வளர்ந்தது.

அத்தொழில் நடந்த இடம் கிட்டங்கி. பெயர் பண்டகசாலையைக் குறிப்பது. ஆயினும் செட்டியார் தெருவிற் கிட்டங்கி என்றால் நீண்ட கூடம். ஒரே கூடத்தில் பல நிறுவனங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு மரப்பெட்டி, அதன்முன் ஒரு பாய்; அந்த இடத்துக்குப் பெட்டியடி என்று பெயர். இரவில் அதே கூடத்திற் படுக்கை, பின்கட்டிற் சமையல். முதலாளி பெரும்பாலும் ஊரிலே இருப்பார். அவர் பெயரில் தொழிலை நடத்துபவர் மேலாள். அவருக்குத் துணை அடுத்தாள். அவருக்குக் கீழே கணக்குப் பழகும் பெட்டியடிப் பையன். மேலாளின் தவணை மூன்றாண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்றுக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவார். தவணை முடிந்தால் ஊருக்குத் திரும்பிக் கணக்கை ஒப்புவிப்பார். இலாபம் நன்றாயிருந்தால் அதிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு. இன்று பெட்டியடியிற் சில்லறை எண்ணும் பையன் பதினைந்து ஆண்டில் தனக்கென ஒரு விலாசம் வைத்துத் தொழில் தொடங்கலாம். விலாசம் என்பது பெயரின் முன்னெழுத்துக்களின் கோவை. கடன் உலகில் அந்த எழுத்துக்களே ஒருவரின் முகம்.

குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என அவர்கள் எழுதிய கணக்கு நுணுக்கமானது. பற்றும் வரவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இரவு உறக்கம் இல்லை. செட்டிமார் தொழில் நடத்திய நகரங்களிலே நடப்பு வட்டியை அவர்கள் தனித்தனியே தீர்மானிக்கவில்லை; கோயிலிற் கூடி நிருணயித்தார்கள். இலாபத்தில் ஒரு சிறு பகுதியை மகமையாகக் கோயிலுக்குச் செலுத்தினார்கள். வாக்குத் தவறியவனை நீதிமன்றத்துக்கு இழுக்குமுன் கோயிற் சபைக்கு அழைத்தனர். வெள்ளைக்காரர் வங்கிக்குச் சட்டம் எதுவோ, நகரத்தாருக்கு முருகன் சந்நிதி அது.

வெள்ளைக்காரர் வங்கிகளுக்கும் செட்டியார் தெருவுக்கும் உள்ள உறவு விசித்திரமானது. கோட்டையிலிருந்த அந்நிய வங்கிகள் ஏற்றுமதி இறக்குமதிக் கொம்பனிகளுக்கும் தோட்டத்துரைமாருக்கும் கடன் கொடுத்தன. நாட்டு வியாபாரியையோ, பத்து ஏக்கர் தென்னங்காணி உடையவனையோ அவை அறியா. அறிய முயலவும் இல்லை. ஆனால் செட்டியாரை அறிந்திருந்தன. வங்கியிலே சராப்பு என்றொரு பதவி. அதனை வகித்தவர் பெரும்பாலும் ஒரு செட்டியாரே. எந்த விலாசத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அவர் சொல்வார். அதற்குப் பிணையும் நிற்பார். வங்கியிற் குறைந்த வட்டிக்கு வாங்கிய பணம் செட்டியார் தெருவுக்கு வரும்; அங்கிருந்து கூடிய வட்டிக்கு நீர்கொழும்புத் தென்னந்தோட்டக்காரனுக்கும் புறக்கோட்டைக் கடைக்காரனுக்கும் போகும். ஏணியின் மேற்படியில் ஆங்கிலேயன், நடுவிற் செட்டியார், அடியில் நாட்டவன். வட்டியின் சுமை முழுவதும் அடிப்படியில் இறங்கிற்று. அடியில் நின்றவன் கண்ணுக்குத் தெரிந்தது செட்டியார் மட்டுமே. மேலே இருந்தவனை அவன் காணவில்லை. பின்னர் எழுந்த பகைமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்நிய வங்கிகள்தாம் எவ்வளவு உறுதியானவை? 1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியில் இலைநோய் தோன்றிற்று. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் கோப்பி அழிந்தது. கோப்பியை நம்பிக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் கதவை மூடியது. அவ்வங்கியின் நோட்டுக்களே நாட்டிற் பெருமளவிற் புழங்கியவை. மக்கள் கையிலிருந்த நோட்டு வெறுங்காகிதமாகும் நிலை. தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுக்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்தார். துணிவான செயல் அது. அவ்வாண்டிலேயே நோட்டு வெளியிடும் உரிமை தனியார் வங்கிகளிடமிருந்து அரசாங்கத்திடம் வந்தது. செட்டியார் தெருவோ கோப்பி போனபின் தேயிலைக்கும், பின்னர் இறப்பருக்கும், தென்னைக்கும் பணம் கொடுத்து வளர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. 1918ஆம் ஆண்டின் வட்டித்தொழிற் கட்டளைச் சட்டம் கடன் கொடுப்போரின் கணக்குகளுக்கும் பத்திரங்களுக்கும் விதிகள் வகுத்தது. 1925ஆம் ஆண்டில் ஒரு பெரிய செட்டியார் நிறுவனம் முறிந்தது. அதுவரை கையெழுத்தை மட்டும் நம்பிக் கொடுத்த அந்நிய வங்கிகள் அஞ்சிக் கையை இழுத்துக்கொண்டன. நான்கே ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் தொடங்கியது. இறப்பரும் கொப்பறாவும் விலைபோகவில்லை. வங்கி செட்டியாரை நெருக்கிற்று. செட்டியார் கடனாளியை நெருக்கினார். பணம் கேட்டவருக்குப் பணம் கிடைக்கவில்லை, காணி கிடைத்தது. ஈட்டு உறுதிகள் நீதிமன்றம் ஏறின. பரம்பரைத் தென்னந்தோட்டங்களும் நகரக் கட்டடங்களும் செட்டிமார் பெயருக்கு மாறின. பர்மாவிலும் இதுவே நடந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ஆம் ஆண்டில் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டிமார் நிலம் 1938இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. நிலத்தை விரும்பி வந்தவர்கள் அல்லர் அவர்கள். சுழலும் பணமே அவர்களுக்கு உயிர். ஆயினும் பாட்டன் நட்ட தென்னையை இழந்தவனுக்கு அந்த விளக்கம் ஆறுதலாகுமா? அவனுடைய மனக்குறையை இனவெறுப்பு என ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அதுபோலவே, வேறு எவரும் கடன் கொடுக்காத காலத்திற் கொடுத்தவரை இரத்தம் உறிஞ்சுபவர் எனத் தூற்றியதும் நியாயமன்று.

இதற்கு மாற்று என்ன? இரண்டு பக்கத்திலிருந்து விடை வந்தது. மதராசிலே 1906ஆம் ஆண்டில் ஆர்பத்நட் கொம்பனி முறிந்து எண்ணற்ற குடும்பங்களின் சேமிப்பை விழுங்கியபின், வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், நகரத்தார் முதலும் சேர, 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. அது 1932ஆம் ஆண்டிற் கொழும்பிற் கிளை திறந்தது. 1937ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் மு. சித. மு. சிதம்பரஞ் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, மதராஸ், இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கினார்; பின்னர் கொழும்பும் அதன் கிளையைப் பெற்றது. பாயும் பெட்டியும் மேசையும் காசோலையுமாக மாறின. விலாசத்தின் இடத்திற் பங்குதாரர் வந்தனர்.

மறுபக்கத்தில் இலங்கை அரசாங்கம் 1934ஆம் ஆண்டு ஒரு வங்கி விசாரணைக்குழுவை அமைத்தது. தலைவர் பம்பாயிலிருந்து வந்த சேர் சொராப்ஜி போச்கானாவாலா. இந்தியாவின் சென்ட்ரல் வங்கியை 1911இல் நிறுவியவர். நாட்டவருக்குக் கடன் வசதி இன்மையை ஆராய்ந்த அக்குழு, அரச உதவியுடன் ஒரு வங்கி வேண்டும் என்றது. அதன் பயனாக 1939ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் நாள் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. முதல் தலைவர் சேர் ஏர்னஸ்ட் டி சில்வா. 1941இற் கண்டியில் முதற் கிளை. 1950ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28இல் மத்திய வங்கியும், 1961ஆம் ஆண்டு ஜூலை 1இல் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் துணையாக மக்கள் வங்கியும் தோன்றின. இலங்கை வங்கி அதே 1961இல் முழுவதும் அரசுடைமையாயிற்று. ஒரு தெரு செய்த வேலையை இப்போது பல நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டன.

செட்டியார் தெருவின் இறுதி அத்தியாயத்தை எழுதியது போட்டி மட்டுமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் நகரத்தார் அந்நியராயினர். நாணயமாற்றுக் கட்டுப்பாடு வந்தபின் ஊருக்குப் பணம் அனுப்புதல் தடைப்பட்டது. கொழும்புக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடிய பணத்தின் மீதே நின்ற தொழில் அது. தவணை முடிந்து போன மேலாளின் இடத்துக்கு அடுத்தவர் வர அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. காணிகளும் கட்டடங்களும் கைமாறின.

கோயில்கள் மட்டும் இருக்கின்றன. பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் செட்டியார் தெருவிலே நிற்கின்றன. ஆடி மாதத்தில் வேல் விழா வரும். வெள்ளித்தேர் தெருவை விட்டுப் புறப்பட்டு, கோட்டையின் பெரிய வங்கிக் கட்டடங்களைக் கடந்து, காலி வீதி வழியாகத் தெற்கே பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் செல்லும். வழிநெடுகத் தமிழரும் சிங்களவரும் நின்று பார்ப்பர். கடைக்காரர் கற்பூரத் தட்டுடன் வாசலில் வந்து நிற்பர்.