தாடைக் கட்டியும் குறிப்பேடும்

1810இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வில்லியம் டெடரிக் என்ற மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவனின் கீழ்த்தாடைக் கட்டியை எலும்போடு சேர்த்து வெட்டியெடுத்தார். இரண்டே ஆண்டுகளில் பாரிஸில் அறுவை மருத்துவர் துபுய்த்ரானும் தாடையில் கைவைத்தார். ஈதர் மயக்கம் வந்தது 1846இல்தான். அறுவை மருத்துவத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் துணிச்சலைப் பாடுகிறார்கள், பாடட்டும். ஆனால் புற்றாக இல்லாமலே எலும்பைத் தின்னும் தாடைக் கட்டிகளுக்கு எது சரியான சிகிச்சை என்று தீர்மானித்தது, அறுத்தபின் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் விடாமல் கவனித்து எழுதிவைத்த குறிப்பேடுகளே.

அத்தகைய கட்டிகளில் ஒன்றான அமெலோபிளாஸ்டோமாவை எடுத்துக்கொள்வோம். பல் உருவாகும்போது தாடைக்குள் தங்கிவிடும் திசு எச்சங்களை 1885இல் பிரெஞ்சு மருத்துவர் மலாசே விவரித்தார். இத்தகைய கட்டிகளை அவற்றோடு இணைத்துப் பார்த்தவரும் அவரே. இன்றைய பெயர் 1930இல் வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரத்தில் உயரமான செல்கள் வேலிக்கால்போல் வரிசைகட்டி நிற்கும். நடுவே நட்சத்திர வடிவச் செல்கள் தளர்வாகக் கிடக்கும். புற்றுக்குரிய ஒழுங்கின்மை கிடையாது. எனவே சுரண்டி எடுத்தால் போதும் என்று பலர் நம்பினார்கள். புண் ஆறியது, முகமும் சிதையவில்லை. சில ஆண்டுகள் கழித்துக் கட்டி மட்டும் திரும்பி வந்தது. எக்ஸ்ரேயில் சோப்பு நுரைபோல் தெரியும் எல்லையைத் தாண்டி, எலும்பு மஜ்ஜையின் இடுக்குகளில் அது சில மில்லிமீட்டர் முன்னேறியிருந்ததே காரணம். கட்டிக்கு அப்பால் 1 முதல் 2 சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கும் வழக்கம் இப்படித் திரும்பி வந்தவர்களைப் பார்த்து உண்டானது.

மயக்க மருந்தும் எக்ஸ்ரேயும் ஆண்டிபயாட்டிக்கும் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்காது. ஆனால் அவை மட்டும் போதவில்லை என்பதற்குத் தாடையில் வரும் கெரட்டோசிஸ்ட் என்ற இன்னொரு நோய் சாட்சி. 1956இல் ஃபிலிப்சன் அதை அடையாளம் காட்டியபோது இந்த வசதிகள் எல்லாமே இருந்தன. எக்ஸ்ரேயிலும் அது சாதுவான நீர்க்கட்டியாகவே தெரிந்தது. 1963இல் பின்ட்போர்கும் ஹான்சனும் பழைய நோயாளிகளைத் திரும்பப் பார்த்தபோதுதான், பாதிக்கு மேற்பட்டோரிடம் அது மறுபடி முளைத்திருந்தது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் அதைக் கட்டிகளின் பட்டியலில் சேர்த்தது, 2017இல் மீண்டும் நீர்க்கட்டி என்றது. திரும்பி வரும் என்ற எச்சரிக்கையோ மாறவில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் தாடையை அகலமாக வெட்டுவதுதான் நியாயமா? சிறுவயதினருக்கு அது கொடுமை என்ற ஆட்சேபம் சரியானதே. அதற்கு விடை தந்ததும் குறிப்பேடுதான்: ஒற்றை அறையாக வளரும் அமெலோபிளாஸ்டோமா அவ்வளவு முரடல்ல என்று 1977இல் ராபின்சனும் மார்ட்டினெஸும் காட்டினார்கள். வெட்ட வேண்டியவர்களுக்கு 1989இல் ஹிடால்கோ, கால் எலும்பை இரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாகப் பொருத்தும் வழியைத் தந்தார். 2014இல் கட்டிக்குள் பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் மாற்றம் கண்டறியப்பட்டதால் மாத்திரையால் சுருக்கும் முயற்சியும் நடக்கிறது; அதன் பலன் நிலைக்குமா என்பதையும் ஆண்டுகள்தான் சொல்ல வேண்டும். பத்தாண்டு கழித்தும் திரும்பக்கூடிய நோய் இது. எனவே வருடாந்தர எக்ஸ்ரேயும் அறுவையின் ஒரு பகுதியே. மறுபரிசோதனைக்குத் திரும்ப வர வழியில்லாத நோயாளிக்குச் சுரண்டல் சிகிச்சையைப் பரிந்துரைக்கும் மருத்துவர், அந்த வரலாற்றைப் படிக்காதவர்.